காதால் படிக்கும் கிரேக்க வரலாறு: 24 விரிவுரைகளைப் பாடமாக்கும் வேலை

எடுத்துக்கொண்ட பாடம் யேல் பல்கலைக்கழகத்தின் ஓப்பன் யேல் கோர்சஸ் தொகுப்பில் உள்ள பண்டைய கிரேக்க வரலாற்று அறிமுகம். நடத்தியவர் டொனால்ட் கேகன். 2007 இலையுதிர் பருவத்தில் வகுப்பறையிலேயே பதிவானது. மொத்தம் 24 விரிவுரைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 70 நிமிடம். எம்பி3, காணொளி, எழுத்துப்படி மூன்றும் இலவசம்.

ஒலிப் பாடம் தேர்ந்தெடுக்கும்போது பேராசிரியரின் புகழைவிட இரண்டு விஷயங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒன்று, நேரக்குறியோடு எழுத்துப்படி இருக்கிறதா? இரண்டு, அவர் கரும்பலகையையும் படங்களையும் நம்பிப் பேசுகிறாரா, வாயை நம்பிப் பேசுகிறாரா? கேகன் வாயை நம்புகிறவர். அதே தொகுப்பில் டயானா கிளைனரின் ரோமானியக் கட்டடக்கலைப் பாடமும் அருமையானதுதான். ஆனால் படம் இல்லாமல் கேட்டால் பாதி காற்றில் போய்விடும்.

கணக்கை முதலிலேயே போட்டுவிடலாம். 24 விரிவுரை, 70 நிமிடம்: 28 மணி நேரம். 1.2 மடங்கு வேகத்தில் ஓட்டினால் 23 மணி 20 நிமிடம். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் சேர்த்து 25 நிமிட வேலை வைத்தால் இன்னும் 10 மணி நேரம். வகுப்பில் நடந்தது போலவே வாரத்துக்கு இரண்டு என்று போனால் 12 வாரம். அந்தப் 10 மணி நேரத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு மற்ற 23 மணி நேரமும் வீண். பேருந்தில் கேட்டு முடித்த விரிவுரை மறுநாள் காலையில் ‘நல்லா இருந்துச்சு’ என்ற ஒரு வரியாகச் சுருங்கிவிடுவது அதனால்தான்.

கோப்பு வேலை

ஓராயிரம் பேருக்கு வந்த கோளாறு வரிசைக் கோளாறு. கோப்புகளுக்கு 1, 2, 3 என்று பெயர் வைத்தால் பல கருவிகள் 1, 10, 11 என்று வரிசைப்படுத்தும். 01, 02 என்று முன்னால் பூஜ்யம் வைக்க வேண்டும். இதைச் செய்த பிறகும் கார் ஸ்டீரியோவில் வரிசை தப்பினால், அந்தக் கருவி பெயரைப் பார்ப்பதே இல்லை என்று பொருள். மலிவான யூஎஸ்பி பிளேயர்கள் பென்டிரைவில் எந்தக் கோப்பு முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடும். பென்டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்து, கோப்புகளை 01-இலிருந்து ஒவ்வொன்றாக வரிசையில் நகலெடுத்தால் சரியாகிவிடும். எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்தால் பழைய கருவிகள் பென்டிரைவையே அடையாளம் காணாது.

பாடப்பெயரைத் தமிழில் கோப்புக்குள் டேக்காக, அதாவது கோப்போடு ஒட்டியிருக்கும் தலைப்புக் குறிப்பாக எழுதலாம். கைபேசியில் அழகாகத் தெரியும். கார் ஸ்டீரியோவில் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ வரும். இரண்டிலும் கேட்பவர்கள் கோப்பின் பெயரை வெறும் எண்ணாக வைத்து, தமிழை டேக்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. டேக் எழுதும்போது ஐடி3 என்ற டேக் வடிவத்தில் பதிப்பு 2.3 என்று தேர்ந்தெடுங்கள். 2.4 பல பழைய கருவிகளுக்குப் புரியாது.

அளவு: 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 70 நிமிடத்துக்கு 67 எம்பி; 24 சேர்ந்தால் 1.6 ஜிபி. பேச்சுக்கு மோனோ 64 கேபிபிஎஸ் தாராளம். விரிவுரைக்கு 34 எம்பி, மொத்தம் 800 எம்பி. கைபேசியில் மட்டும் கேட்பதாக இருந்தால் ஓபஸ் என்ற ஒலி வடிவத்தில் 24 கேபிபிஎஸ் போதும், மொத்தமும் ஏறத்தாழ 300 எம்பிதான். ஒருமுறை சுருக்கியதை மறுபடி சுருக்கக் கூடாது. ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் சலசலக்கத் தொடங்கும். கிரேக்கப் பெயர்களில் பாதி ‘ஸ்’ என்றுதான் முடிகின்றன. பிட்ரேட்டை, அதாவது இந்தக் கேபிபிஎஸ் கணக்கை, மாறாத வகையில் வைக்க வேண்டும். மாறும் பிட்ரேட்டில் சில பிளேயர்கள் மொத்த நீளத்தைத் தப்பாகக் காட்டும், 41ஆம் நிமிடத்துக்குத் தாவச் சொன்னால் 38-இல் போய் நிற்கும்.

கைபேசிக்கு ஆன்டெனாபாட் என்ற செயலி வசதி. உள்ளூர் ஃபோல்டரை ஒரு பாட்காஸ்ட் போலச் சேர்த்துக்கொள்ளும், விட்ட இடத்தை ஒவ்வொரு கோப்புக்கும் தனியாக நினைவில் வைக்கும், வேகத்தைப் பாடத்துக்குத் தக்கபடி தனியாக வைக்கலாம். விஎல்சியும் ஆகும். பாட்டு கேட்கும் செயலியில் விரிவுரை கேட்காதீர்கள். ஷஃபிள் பொத்தானை ஒரு முறை தெரியாமல் தொட்டால் ஸ்பார்ட்டாவுக்குப் பிறகு ஹோமர் வருவார்.

ஒலியைத் தேற்றுவது

வீட்டில் அமைதியாகக் கேட்பவர்களுக்கு இந்தப் பகுதி தேவையில்லை. பேருந்திலும் சமையலறையிலும் கேட்பவர்களுக்குத்தான் தேவை. வகுப்பறைப் பதிவில் பேச்சாளர் ஒரு வாக்கியத்தை ஓங்கித் தொடங்கி, கடைசி நான்கு சொற்களை விழுங்குவார். வாதத்தின் முடிச்சு அந்த நான்கு சொற்களில்தான் இருக்கும். வால்யூமைக் கூட்டினால் ஓங்கிய இடம் காதைக் கிழிக்கும்.

ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து இந்த வரிசையில் செய்யலாம். ஸ்டீரியோ என்றால் மோனோவாக்குங்கள். ஹை-பாஸ் ஃபில்டர் (அடித்தட்டு ஒலியை வெட்டும் வடிகட்டி) 80 ஹெர்ட்ஸ். ஏசி இரைச்சலின் அடித்தட்டும் மேசையைத் தட்டும் ஓசையும் குறையும். அமெரிக்கப் பதிவுகளில் மின்சார ரீங்காரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அதுவும் இதிலேயே அடங்கும். அதன் மடங்கான 120 மிஞ்சினால் நாட்ச் ஃபில்டரால் அதை மட்டும் எடுக்கலாம். அடுத்து கம்ப்ரசர், அதாவது ஓங்கிய ஒலிக்கும் தாழ்ந்த ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் வசதி: விகிதம் 3:1, அது வேலை செய்யத் தொடங்கும் அளவான த்ரெஷோல்ட் −20 டிபி சுற்று வட்டாரம். விழுங்கிய சொற்கள் மேலே வருவது இங்கேதான். கடைசியாக, சத்தத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் லவுட்னெஸ் நார்மலைசேஷன்; அதன் அலகு எல்யூஎஃப்எஸ். மோனோவை இரட்டை மோனோவாகக் கருதும் பெட்டியில் டிக் இருந்தால் −16 எல்யூஎஃப்எஸ், இல்லாவிட்டால் −19. 24 கோப்பும் ஒரே சத்தத்தில் இருக்கும், ஒவ்வொரு முறையும் வால்யூமைத் தொட வேண்டியதில்லை.

நாய்ஸ் ரிடக்‌ஷன் செய்தே ஆக வேண்டும் என்றில்லை. செய்தால் 6 டிபிக்கு மேல் போகாமல் இருப்பது உத்தமம், அதையும் கம்ப்ரசருக்கு முன்னால் செய்துவிட வேண்டும். கம்ப்ரசர் இரைச்சலையும் சேர்த்துத் தூக்கிவிடும், பிறகு அதைப் பிரிப்பது கடினம். 12, 15 என்று அழுத்தினால் பேச்சு தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். அதைவிட ஏசி இரைச்சலே மேல்.

மௌனங்களைக் கோப்பிலேயே வெட்டும் வசதி ஒன்று உண்டு. அதைத் தொட வேண்டாம். 70 நிமிடக் கோப்பில் சில நிமிடம் குறைந்தால், எழுத்துப்படியில் உள்ள நேரக்குறி எதுவும் ஒலியோடு பொருந்தாது. 32:10 என்று குறித்துக்கொண்டு எழுத்துப்படியைத் திறந்தால் அங்கே வேறு ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். மௌனத்தைத் தாண்ட விரும்பினால் பிளேயரில் உள்ள வசதியைப் பயன்படுத்துங்கள். அது கோப்பின் நேரத்தை மாற்றாது.

70 நிமிடத்தை ஒரே மூச்சில் கேட்பது வீண் வீரம். ஒவ்வொரு விரிவுரையின் பக்கத்திலும் உட்தலைப்புகள் நேரத்தோடு தரப்பட்டுள்ளன. அந்த இடங்களில் 20 முதல் 25 நிமிடத் துண்டுகளாக வெட்டலாம். எம்பி3டைரக்ட்கட், எம்பி3எஸ்பிஎல்டி இரண்டும் மறுபடி சுருக்காமல் அப்படியே வெட்டும். துண்டின் பெயரில் அது தொடங்கும் நிமிடத்தை எழுதிவிடுங்கள்: 08-00, 08-24, 08-47 என்று. பிறகு 08-24 துண்டில் 6ஆம் நிமிடத்தில் சந்தேகம் வந்தால் எழுத்துப்படியில் 30ஆம் நிமிடம் என்று உடனே தெரியும்.

காகித வேலை: வரைபடம், காலப்பட்டை, பெயர்ச்சீட்டு

வரலாற்று விரிவுரை காதில் நிற்காமல் போவதற்கு ஆங்கில உச்சரிப்புதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். சொல்லப்போனால், வகுப்பில் உட்கார்ந்திருந்த மாணவர் கண்ணால் பார்த்த மூன்று பொருள்கள் நம்மிடம் இல்லை. ஊர் எங்கே, ஆண்டு எப்போது, பெயரை எப்படி எழுதுவது? இவற்றைக் காகிதத்தில் செய்துகொண்டால் உச்சரிப்புப் பிரச்சினை முக்கால்வாசி தானாகத் தீரும்.

காலப்பட்டை எளிது. இரண்டு ஏ4 தாள்களை நீளவாட்டில் ஒட்டினால் 59 செ.மீ. 1 செ.மீ.க்கு 10 ஆண்டு என்று வைத்தால், கி.மு. 800 முதல் 330 வரை 47 செ.மீ.யில் அடங்கும். முதலில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் மட்டும் குறியுங்கள்: ஏதென்ஸுக்குச் சட்டம் வகுத்த சோலோன் 594, கிளைஸ்தெனீஸின் சீர்திருத்தம் 508, பாரசீகரோடு நடந்த போர்களான மாரத்தான் 490, சலாமிஸ் 480, பிளட்டேயா 479, ஏதென்ஸ் தலைமையிலான டீலியன் கூட்டணி 478, கூட்டணிக் கருவூலம் ஏதென்ஸுக்கு மாறியது 454, ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த பெலப்பனீசியப் போர் 431 முதல் 404 வரை, சிசிலிப் படையெடுப்பு 415, லியூக்ட்ரா போர் 371, கெய்ரோனியா போர் 338. மற்றவை கேட்கக் கேட்கச் சேரும். கி.மு. எண்கள் தலைகீழாக இறங்குவதால் ‘ஆறாம் நூற்றாண்டின் இறுதி’ என்று காதில் விழுந்ததும் மனம் 590 பக்கம் ஓடும். பட்டையைப் பார்த்தால் அது 510 பக்கம் இருக்கும். பட்டை முழுவதிலும் நூற்றாண்டுகளைத் தனித்தனி வண்ணத்தில் தீட்டிவிட்டால் இந்தக் குழப்பம் இரண்டு விரிவுரைக்குள் போய்விடும்.

வரைபடம்தான் உயிர். ஏ3 தாளில் ஏஜியன் கடலை நடுவில் வைத்து, மேற்கே அயோனியக் கடலும் கிழக்கே இன்றைய துருக்கியில் உள்ள சார்டிஸும் தெரியும்படி அச்செடுங்கள். ஊர்ப்பெயர் இல்லாத வெற்று வரைபடமே நல்லது. ஒவ்வொரு ஊரும் விரிவுரையில் முதல் முறை வரும்போது நீங்களே குறிக்க வேண்டும். சிசிலி தாளுக்கு வெளியே போய்விடும். ஓரத்தில் ஓர் அம்புக்குறி போதும்.

வரைபடம் இல்லாமல் கேட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெலப்பனீசியப் போரின் தொடக்கமே சாட்சி. காதுக்கு வருவது இவ்வளவும்: கொரிந்து, கோர்சைரா, எபிடாம்னஸ், பொட்டிடேயா, கால்சிடிசி, மெகரா. ஐந்து நிமிடத்துக்குள் எல்லாம் ஒன்றோடொன்று மோதிவிடும். காகிதத்தில் போட்டால் கணக்கு இப்படித்தான். ஸ்பார்ட்டாவின் கூட்டாளியான கொரிந்து நிறுவிய குடியேற்றம் கோர்சைரா, அதாவது இன்றைய கோர்ஃபு தீவு. கோர்சைரா நிறுவிய குடியேற்றம் எபிடாம்னஸ், இன்றைய அல்பேனியாவின் டுரஸ். பாட்டி, மகள், பேத்தி. பேத்தி வீட்டில் உட்பகை வந்து மகளிடம் உதவி கேட்கிறாள், மகள் மறுக்கிறாள், பேத்தி பாட்டியிடம் போகிறாள். பாட்டிக்கும் மகளுக்கும் ஏற்கெனவே ஆகாது. கி.மு. 435-இல் கடற்போரில் கோர்சைரா வெல்கிறது. கொரிந்து பெரிய கடற்படை கட்டத் தொடங்கியதும் கோர்சைரா 433-இல் ஏதென்ஸின் வாசலுக்குப் போகிறது. ஏதென்ஸ் தற்காப்புக்கு மட்டுமான கூட்டணி போட்டு முதலில் 10 கப்பல் அனுப்புகிறது. சைபோட்டா அருகே நடந்த சண்டையில் ஏதென்ஸும் கொரிந்தும் நேருக்கு நேர் வந்துவிடுகின்றன. பிறகு 432-இல் வடக்கே கால்சிடிசியில் பொட்டிடேயா: அது கொரிந்தின் குடியேற்றம், ஆனால் ஏதென்ஸுக்குக் கப்பம் கட்டும் ஊர். பிரச்சினை எங்கே வரும் என்பதை இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை. கொரிந்திலிருந்து வடமேற்கே இரண்டு கோடு, வடக்கே ஒரு கோடு. மூன்று கோடு போட்டுவிட்டு அந்த விரிவுரையைக் கேட்டால் ஒரு சொல்லும் வழுக்காது.

பெயர்ச்சீட்டில் மூன்று பத்தி: காதில் விழும் ஒலி தமிழில், ஆங்கில எழுத்துக்கூட்டல், அவர் யார் என்று நான்கே சொல்லில். விரிவுரைக்கு முன் எழுத்துப்படியை ஓடவிட்டுப் புதிய பெயர் எட்டு முதல் பத்து எடுத்தால் போதும். ஒரே பெயரில் இருவர் வருமிடங்களுக்குச் சிவப்பு மை. கிளைஸ்தெனீஸ் இருவர்: சிக்யோனின் கொடுங்கோலன் ஒருவர், அவருடைய மகள் வயிற்றுப் பேரனான ஏதென்ஸ் சீர்திருத்தக்காரர் இன்னொருவர். தூசிடிடீஸும் இருவர்: வரலாற்றாசிரியர் ஒருவர், ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளீஸை எதிர்த்து நாடுகடத்தப்பட்ட மெலீசியாஸின் மகன் இன்னொருவர். காதால் மட்டும் கேட்பவர்கள் இந்த இருவரையும் ஒன்றாக்கி, வரலாற்றாசிரியருக்கு ஏன் பெரிக்ளீஸ் மேல் இத்தனை மரியாதை என்று திகைப்பார்கள்.

கேட்பது

முதல் இரண்டு விரிவுரைக்கு வேகத்தைத் தொடாமல் 1.0-இலேயே கேளுங்கள். குரல் பழகிய பிறகு 1.2. கேகன் நிறுத்தி நிதானமாகப் பேசுபவர், 1.25 வரை தாங்கும். அதற்கு மேல் போனால் கதை புரியும், வாதம் தவறும். இரண்டும் வேறு வேறு. மாரத்தானில் யார் எங்கே நின்றார்கள் என்பது கதை. பாரசீகர்களின் குதிரைப்படை ஏன் சண்டையில் தென்படவில்லை என்பதற்கு ஒருவர் சொல்லும் விளக்கத்தை எடை போடுவது வாதம்.

கேட்கும்போது குறிப்பெடுக்க வேண்டாம். எழுதும் கை காதை மூடிவிடும். சந்தேகம் வந்தால் நிமிடத்தை மட்டும் குறியுங்கள். துண்டு முடிந்ததும் கைபேசியின் ஒலிப்பதிவைத் திறந்து, கேட்டதைத் தமிழில் மூன்று நிமிடம் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் சொன்னால் விரிவுரையாளரின் சொற்றொடர்களே திரும்ப வரும், புரிந்த மாயை உண்டாகும். தமிழில் சொல்லும்போது அந்த ஊன்றுகோல் இருக்காது. ‘ஹோப்லைட் என்றால்...’ என்று ஆரம்பித்து நின்றுவிட்டால், அங்கேதான் ஓட்டை. கனமான கேடயம் ஏந்தி வரிசையாக நின்று போரிடும் காலாட்படை வீரர், ஆயுதத்தைத் தன் காசில் வாங்கக்கூடிய விவசாயி என்று சொல்ல முடிந்தால், 4, 5 ஆகிய விரிவுரைகள் உங்களுடையவை. முடியாவிட்டால் எழுத்துப்படியில் அந்த இடத்தை மட்டும் படித்துவிட்டு மறுபடி சொல்ல வேண்டும். முழு விரிவுரையையும் திரும்பக் கேட்பது சோம்பேறியின் வழி. காது பழகிய ஒலியை மூளை புரிந்ததாகக் கணக்கெழுதிக்கொள்ளும்.

பாதியில் கைவிட நேர்ந்தால் அது பெரும்பாலும் 2, 3 ஆகிய விரிவுரைகளில்தான் நேரும். இருண்ட காலத்தைப் பற்றிய பகுதி. நிகழ்ச்சி குறைவு, சான்றுகளை எடை போடுவதே வேலை. கதைக்காக வந்தவர்களுக்கு அலுப்பாக இருக்கும். அவற்றை ஒத்திவைத்து 4-க்குப் போகலாம். ஸ்பார்ட்டா முடிந்ததும் திரும்பி வரலாம். 4-ஐயும் 5-ஐயும் மட்டும் தாண்டக் கூடாது. விவசாயி, வீரர், குடிமகன் மூவரும் ஒருவரே என்ற கருத்து அங்கேதான் ஊன்றப்படுகிறது. ஏதென்ஸ் ஜனநாயகம் வரை அதன் மேல்தான் எழும்புகிறது.

விரிவுரையாளர் எங்கே நிற்கிறார்?

ஒலிப் பாடத்தின் பெரிய ஆபத்து இது. புத்தகத்தில் அடிக்குறிப்பு எச்சரிக்கும். காதில் வருவது ஒரே குரல், அதுவும் நம்பிக்கையூட்டும் குரல். கேகன் பெலப்பனீசியப் போரைப் பற்றி நான்கு தொகுதிகள் எழுதியவர். முதலாவது 1969-இல் வந்தது. ஏதென்ஸின் வளர்ச்சியும் அது ஸ்பார்ட்டாவில் எழுப்பிய அச்சமும்தான் போரின் உண்மையான காரணம் என்று தூசிடிடீஸ் சொல்கிறார். போர் தவிர்க்கக்கூடியதாகவே இருந்தது என்பது கேகனின் கட்சி. விரிவுரையில் அவர் நிகழ்ச்சிகளை அடுக்கும் வரிசையே அந்தக் கட்சிக்கு வாதாடும். பழைய மரபுச் செய்திகளை மறுக்கக் காரணம் கிடைக்கும்வரை நம்பலாம் என்ற நிலைப்பாட்டையும் அவர் தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். ஹோப்லைட் விவசாயிகளைப் பற்றிய சித்திரமும் எல்லாரும் ஏற்றதல்ல. ஹான்ஸ் வான் வீஸ் போன்ற வரலாற்றாசிரியர்கள் அதைக் கடுமையாக மறுத்திருக்கிறார்கள்.

இதற்குச் செய்யக்கூடியது எளிது. குறிப்பேட்டில் ஒவ்வொரு விரிவுரைக்கும் ஒரே ஒரு வரி: ‘இவர் இதை எந்தச் சான்றிலிருந்து சொல்கிறார், அந்தச் சான்று எப்போது எழுதப்பட்டது?’ ஸ்பார்ட்டாவுக்கு இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். ஸ்பார்ட்டாவுக்குச் சட்டம் வகுத்ததாக மரபு சொல்லும் லைகர்கஸின் சட்டங்களைப் பற்றி விரிவாகச் சொல்பவர் புளூட்டார்க். அவர் எழுதியது கி.பி. 100-ஐ ஒட்டி. ஸ்பார்ட்டாவுக்குள்ளிருந்தே கிடைப்பது டிர்டேயஸ், ஆல்க்மன் போன்ற கவிஞர்களின் துணுக்குகள். இடையில் பல நூற்றாண்டுகள். கட்டுப்பாடான அந்தப் போர்வீரர் சமூகத்தில் எவ்வளவு வெளியூர்க்காரர்களின் வியப்பிலிருந்து வந்தது என்ற ஐயம் வர வேண்டும். வந்தால் பாடம் வேலை செய்கிறது.

மூல நூல்களில் முழுதாகப் படிக்க நேரம் இல்லாதவர்கள் நான்கு இடத்தையாவது தொட வேண்டும். ஹெரடோட்டஸ் 7ஆம் புத்தகத்தில் தெர்மோபிலே. தூசிடிடீஸ் 1ஆம் புத்தகத்தில் கோர்சைரா, கொரிந்துத் தூதர்கள் ஏதென்ஸில் பேசும் இரண்டு உரைகள். 2ஆம் புத்தகத்தில் 35 முதல் 46 வரை பெரிக்ளீஸின் இரங்கல் உரை. 5ஆம் புத்தகத்தில் 84 முதல் 116 வரை, மீலோஸ் தீவினரோடு ஏதென்ஸ் நடத்திய உரையாடல். இரங்கல் உரையையும் மீலோஸையும் ஒரே நாளில் படிக்கப் பரிந்துரைக்கிறேன். ஏதென்ஸ் தன்னைப் பற்றிப் பேசுவதும் அடுத்தவரிடம் பேசுவதும் பக்கத்தில் பக்கத்தில் வரும். ஹெரடோட்டஸுக்கு ராலின்சன், தூசிடிடீஸுக்கு கிராலி மொழிபெயர்ப்புகள் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பதால் காப்புரிமைச் சிக்கல் இல்லாமல் கிடைக்கும்.

எழுத்துப்படி இல்லாத பாடம் என்றால்

விஸ்பர் போன்ற மென்பொருளைக் கணினியிலேயே ஓட்டி எழுத்துப்படி எடுக்கலாம், இணையம் தேவையில்லை. பெயர்களில்தான் சொதப்பும்: பைசிஸ்ட்ராட்டஸ் ஒரு பக்கத்தில் மூன்று எழுத்துக்கூட்டலோடு வருவார். பெயர்ச்சீட்டைத் தொடக்கக் குறிப்பாகக் கொடுத்தால் கணிசமாகத் திருந்தும். அந்தக் குறிப்பில் கடைசி 224 டோக்கன்களை (சொல்துணுக்குகளை) மட்டுமே அது பார்க்கும் என்பதால், முழுப் பாடத்தின் பெயர்களையும் கொட்டாமல் அந்த விரிவுரைக்கு உரியவற்றை மட்டும் கொடுக்க வேண்டும். நீண்ட மௌனம் உள்ள இடத்தில் யாரும் பேசாத வாக்கியங்களை எழுதிவைக்கும். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் அது விரிவுரையாளருடையது அல்ல. ஆண்டு எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்காமல் காலப்பட்டையில் ஏற்றக் கூடாது.

இதே முறை யேல் தொகுப்பின் மற்ற பாடங்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்றால், ஷெல்லி கேகனின் மரணம் பற்றிய தத்துவப் பாடத்துக்கு வரைபடமும் பட்டையும் வேண்டாம். அவர் அடுக்கும் வாதங்களுக்கு எண் போட்டு ஒரு தாளில் எழுதினால் போதும். மஸ்ஸோட்டாவின் தாந்தே, ரோஜர்ஸின் மில்டன் இரண்டுக்கும் கவிதை கையில் விரிந்திருக்க வேண்டும், அவை பேருந்துக்கு ஆகாதவை. பால் ஃப்ரையின் இலக்கியக் கோட்பாடு 1.0 வேகத்துக்கு மேல் தாங்காது, சில இடங்களில் 0.9.

வெட்டி, ஒலி தேற்றிய கோப்புகளை நண்பர்களுக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வி வரும். ஓப்பன் யேல் விரிவுரைகளில் பெரும்பாலானவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ளன: மூலத்தின் பெயரைச் சொல்ல வேண்டும், காசுக்கு விற்கக் கூடாது, மாற்றியதையும் அதே உரிமத்தில்தான் தர வேண்டும். இந்த மூன்றையும் ஃபோல்டரில் ஒரு சிறு உரைக்கோப்பாகப் போட்டு, எந்தெந்த மாற்றம் செய்யப்பட்டது என்பதையும் இரண்டு வரியில் சேர்த்துவிடுங்கள். காசு கொடுத்து வாங்கிய நிறுவனப் பாடங்களுக்கு இந்த உரிமை கிடையாது; அவற்றை வெட்டினாலும் தேற்றினாலும் உங்கள் கைபேசிக்குள்ளேயே இருக்கட்டும்.